கொன்றாலும் எலி ஏன் குறைவதில்லை?

மருந்து வைத்தால் பெரும்பாலும் எலி உடனே சாவதில்லை. சில நாள் ஆகும். அது குறையல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. புதிய தீனியை எலி முதலில் கொஞ்சமாகத்தான் கொறிக்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பிறகு அந்தப் பக்கமே போகாது. 1940களின் இறுதியில் வந்த வார்ஃபரின் என்ற எலி மருந்து இந்தச் சந்தேகத்தைத் தாண்டியது. அது உடம்பில் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுக்கும். ரத்தம் உறையாமல் மெல்ல உள்ளே கசியும். தின்றதற்கும் நோவுக்கும் உள்ள தொடர்பு எலிக்குப் பிடிபடாது.

அப்படியும் நகரங்களில் எலி ஒழிந்தபாடில்லை. 1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆய்வு செய்தவர்கள் காரணத்தைக் கண்டார்கள். ஓரிடத்தில் எத்தனை எலி என்பதை அங்குள்ள தீனியும் பொந்தும்தான் தீர்மானிக்கின்றன. பாதியைக் கொன்றால் மிச்சமிருப்பவற்றுக்குப் பங்கு கூடும். சினைக்காலம் மூன்றே வாரம், ஓர் ஈற்றில் எட்டுக் குட்டிகூடப் போடும். சில மாதங்களில் பழைய கணக்கு வந்துவிடும்.

ஆக, வெட்ட வேண்டியது தீனியை. நியூயார்க்கில் குப்பைப் பைகள் நடைபாதையிலேயே குவிந்து கிடந்தன. 2024 மார்ச் முதல் கடைகளும், நவம்பர் முதல் ஒன்பது வீடுகள் வரையுள்ள கட்டடங்களும் மூடியுள்ள தொட்டியில்தான் குப்பை வைக்க வேண்டும். தாமதம்தான், ஆனால் சரியான வழி. ஏனென்றால் விஷம் எலியோடு நிற்பதில்லை. அதே நகரில் விலங்குக் காட்சியகத்திலிருந்து வெளியேறி ஓராண்டு சுதந்திரமாக வாழ்ந்த ஃப்ளாக்கோ என்ற ஆந்தை 2024 பிப்ரவரியில் இறந்தது. அதன் உடலில் புறாக்களிடமிருந்து தொற்றிய வைரஸோடு நான்கு வகை எலி விஷமும் இருந்தது.