பொதுவிதி நிற்கும் இடம்

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் பொதுவிதியைக் கூறுவர்; அதன்பின் சிறப்புவிதியைக் கூறுவர். உயிரீற்றுச் சொல்லின் முன் க, ச, த, ப வந்தால் வல்லினம் மிகும் என்பது பொது. பலாவும் சுளையும் சேர்ந்து பலாச்சுளை ஆவது அதனால். ஊறுகாய் என்னும் வினைத்தொகையில் மிகாமை சிறப்பு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எந்த விதி எங்கே நின்று எதனை ஆள்கிறது என்பது தெளிவாக இருப்பதால் மாணவர் மயங்குவதில்லை. பொதுவிதியை ஒவ்வொரு சொல்லின் அருகிலும் தனித்தனியே எழுதி வைத்திருந்தால், இலக்கணம் என்ற ஒன்றே இருந்திராது.

பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டினில் தமிழ்ப் பள்ளியும் உண்டு, தொழிற்பேட்டையும் உண்டு. பள்ளியில் கற்பிக்கும் இந்த நெறி தொழிற்சாலைக்கும் வேண்டப்படுவதே. நீரிணைக்கு அப்பால், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில், தடையற்ற வணிக வட்டாரம் 1972-இல் தொடங்கிற்று. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனமும் பினாங்கில் கால்கொண்டது. அந்நிறுவனம் 2008-இல் இலண்டனைச் சார்ந்த ஓப்பன்டுஹேண்டு என்னும் சிறு நிறுவனத்தை வாங்கியது. சிறு கருவிகளுக்கு லினக்ஸ் மென்பொருளை ஆக்கித் தரும் ‘போக்கி’ என்னும் முறை அங்கு உருவானது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2010-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் எழுந்ததே யோக்டோ திட்டம்.

கருவியொன்றின் உள்ளே பொதிந்திருந்து அதனை இயக்குவது உட்பொதி மென்பொருள். பல்லாயிரம் மூல ஏடுகளிலிருந்து அதனை ஆக்கி, கருவியின் நினைவகத்தில் பதிக்கத்தக்க ஒரே வடிவமாகத் தரவேண்டும். யோக்டோவில் அவ்வேலையைச் செய்வது பிட்பேக் என்னும் நிரல். அதற்கு வேண்டிய குறிப்புகள் அடுக்கடுக்காக வருகின்றன. பொது அடுக்கைத் திட்டத்தார் தருவர். சில்லு பற்றிய அடுக்கைச் சில்லு செய்தவர் தருவர். தன் கருவிக்கே உரிய அடுக்கைத் தொழிற்சாலை எழுதிக்கொள்ளும்.

இவ்வடுக்குகளில் இரு வகை ஏடுகள் உள்ளன. ஒரு மென்பொருளை ஆக்கும் வழியைக் கூறுவது செய்முறை ஏடு. அதில் எழுதிய மதிப்பு அதனோடு முடியும். அடுத்த செய்முறையை அது தொடாது. எல்லாச் செய்முறைகளையும் ஆள்வது அமைவு ஏடு. பொதுவிதிக்கு உரிய இடம் இதுவே. முழுக் கருவிக்கும் உரிய ஆணையைச் செய்முறை ஏடு ஒன்றில் எழுதிவிட்டு, ஏனையவை கேட்கவில்லையே என்று வருந்துவோர் பலர். வினைத்தொகைக்கு உரிய விதியை எல்லாப் புணர்ச்சிக்கும் உரியதென்று எண்ணுவது போன்ற பிழை இது.

அமைவு ஏடுகளுள் மூன்று தலையாயவை. பொறியாளர் தம் கணினியில் தமக்கென வைத்துக்கொள்வது மேசை ஏடு. வன்பொருளின் இயல்பைக் கூறுவது பொறி ஏடு. எல்லாக் கருவிக்கும் பொதுவான கொள்கையைக் கூறுவது வழங்கல் ஏடு. பிட்பேக் இவற்றை இவ்வரிசையிலேயே படிக்கிறது. மேசை ஏடே இறுதிச் சொல் என்று பலரும் கருதுவர். உண்மையில் அது முந்திப் படிக்கப்படுவது. வழங்கல் ஏடு பிந்திப் படிக்கப்படுவது.

அவ்வாறாயின் பொறியாளர் எழுதியது எவ்வாறு நிற்கும்? அதற்கு விடை குறிகளில் உள்ளது. வெறும் சமக்குறி இட்டால், பின் வந்தது முன்னதை அழிக்கும். சமக்குறியின் முன் ஒரு வினாக்குறி இட்டால், முன்னரே மதிப்பு இருக்கும்போது அது ஒதுங்கி நிற்கும். இரண்டு வினாக்குறி இட்டால், ஏடெல்லாம் படித்து முடிந்த பின்னும் வேறெவரும் மதிப்புக் கூறாதபோது மட்டுமே அது செல்லும். ஆகவே வழங்கல் ஏட்டை எழுதுவோர், மாற்ற இடந்தரும் இடத்தில் வினாக்குறியும், மாற்றலாகாத இடத்தில் வெறும் சமக்குறியும் இடுதல் முறை. சிறப்புவிதிக்கும் வழி உண்டு. மாறியின் பெயரோடு முக்காற்புள்ளியும் பொறியின் பெயரும் சேர்த்து எழுதினால், அம்மதிப்பு அப்பொறிக்கு மட்டும் ஆகும். 2021-ஆம் ஆண்டுக்கு முன் அவ்விடத்தில் அடிக்கோடு இட்டனர்; பெயரின் உறுப்பாக வரும் அடிக்கோட்டோடு அது மயங்கியமையால் மாற்றினர்.

இன்னொரு மயக்கமும் உண்டு. அடுக்கு ஒவ்வொன்றுக்கும் முதன்மை எண் கொடுக்கப்படுகிறது. அவ்வெண் பெரிதானால் தம் அமைவு ஏடே வெல்லும் என்பர் சிலர். அவ்வெண் செய்முறைகளுக்கிடையே தேர்வு செய்யவே உதவும். அமைவு ஏடுகளின் வலிமையை அது கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

இவற்றால் வரும் கேடு யாது? ஓர் எடுத்துக்காட்டு போதும். தமிழில் எழுத்துக் காட்டவேண்டிய கருவியொன்றை ஒரு தொழிற்சாலை ஆக்குகிறது என்று கொள்வோம். லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வட்டார ஏடுகள் உள்ளன. எதனைக் கொள்வது என்பது நிறுவனம் முழுமைக்கும் உரிய முடிவு. ஆனால் பொறியாளர் ஒருவர் அதனைத் தம் மேசை ஏட்டில் எழுதிவிடுகிறார். அவர் கணினியில் ஆக்கிய கருவி தமிழ் பேசுகிறது. அடுத்த மேசையில், அதே அடுக்குகளைக் கொண்டு ஆக்கிய கருவி தமிழை அறியவில்லை. எழுதியவர் வேலையை விட்டுச் சென்றபின், அந்த ஒரு வரி இருந்தது என்பதே எவருக்கும் தெரியாது. மேசை ஏடு பொதுத் தொகுப்பில் சேர்வதில்லை. கணினியோடு அதுவும் போயிற்று.

மொழி போனால் கண்ணுக்குத் தெரியும்; காவல் போனால் தெரியாது. மறைச்சொல் இன்றி உள்ளே புக இடந்தரும் சோதனை வசதியொன்றும் இவ்வாறே மேசை ஏட்டில் எழுதப்பட்டு, விற்பனைக் கருவிக்குள் புகுந்துவிடக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. அதன் தலைமையான கடமைகளுக்குக் குறித்த நாள் 2027 டிசம்பர் 11. விற்ற கருவியின் காவற்குறைகளைப் பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாமல் திருத்தித் தரவேண்டும் என்பது அதன் கருத்து. ஐந்தாண்டுக்குப் பின்னும் அதே கருவியை அவ்வாறே மீண்டும் ஆக்க இயலாத தொழிற்சாலை, திருத்தத்தை எதன்மேல் செய்யும்?

வழி எளிது. எல்லாக் கருவிக்கும் உரியதை நிறுவனத்தின் சொந்த வழங்கல் ஏட்டில் எழுதுக. வன்பொருளுக்கு உரியதைப் பொறி ஏட்டில் எழுதுக. ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரியதைச் செய்முறையில் எழுதுக. மேசை ஏட்டில் நிற்கவேண்டியது, அழிந்தாலும் இழப்பில்லாத குறிப்பு மட்டுமே. ஐயம் எழுந்தால் பிட்பேக்கையே கேட்கலாம். ஒரு மாறியின் இறுதி மதிப்போடு, எந்த ஏட்டின் எந்த வரி அதனை இட்டது, எது மாற்றியது என்ற வரலாற்றையும் அது காட்டும். மேசை ஏட்டை அகற்றிவிட்டு ஒருமுறை ஆக்கிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. அப்போது எது குறைகிறதோ, அது தவறான இடத்தில் நின்ற பொதுவிதி.

விதியை அறிந்தால் மட்டும் போதாது. அது நிற்கும் இடத்தையும் அறியவேண்டும் என்பது தமிழாசிரியர் நாள்தோறும் கற்பிக்கும் பாடம். மாக் மண்டின் பள்ளியில் அதனைக் கேட்கும் மாணவருள் ஒருவர் நாளை தொழிற்பேட்டையில் இவ்வேடுகளைத் திறப்பாராயின், அவருக்கு அது புதிய பாடமாக இராது.