கோட்டுக்கு வெளியே நின்ற வீரர்

நம் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காயப்போடும் களம் காலியானால் உடனே பந்து உருளும் அல்லவா? சைமன் சுந்தரராஜைத் தெரியுமா உங்களுக்கு? தமிழகம் தந்த கால்பந்து வீரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தார். இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் கடைசியாக ஆடியது அங்கேதான்!

பிறகு பயிற்சியாளர் ஆனார். அதுவும் பக்கத்துக் கேரளாவுக்கு! அந்த அணி அதுவரை சந்தோஷ் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. 1973-ல் எர்ணாகுளத்தில் இறுதி ஆட்டம். எதிரே ரயில்வே அணி. பயிற்சியாளர் மைதானத்துக்குள் இறங்க முடியாது. கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஓடிப் பழகிய கால்களுக்கு அது எவ்வளவு கஷ்டம், நினைத்துப் பாருங்கள்! கேப்டன் மணி 3 கோல் அடித்தார். 3-2 என்று கேரளா வென்றது, முதல் கோப்பை!