பன்னுக்குள் கொழுக்கட்டை

பியரோகி என்பது போலந்து நாட்டுக் கொழுக்கட்டை. கோதுமை மாவை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, மசித்த உருளைக்கிழங்கும் பால்கட்டியும் கலந்த பூரணத்தை நடுவில் வைத்து, சோமாசி வடிவில் மடித்து ஓரத்தை அழுத்தி மூடிக் கொதிநீரில் வேகவிடுவார்கள். வெந்ததை வெண்ணெயில் வெங்காயத்தோடு வறுத்துச் சாப்பிடுவதும் உண்டு. போலந்துக்காரர்கள் பெருமளவில் குடியேறிய பிட்ஸ்பர்க் போன்ற அமெரிக்க நகரங்களில் அது பர்கருக்குள்ளும் இடம்பிடித்துவிட்டது. பார்க்க விளையாட்டாக இருந்தாலும், பன்னுக்கு நடுவே அது உடையாமல் நிற்பதும் சிதறிப்போவதும் மேல்மாவின் வேதியியலைப் பொறுத்தது.

இதையே நம் பக்கத்தில் செய்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கரில் இரு போகம் நெல் விளையும் பூமி கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே இந்தப் பண்டத்தைச் செய்ய இறங்கினால் மைதாவை விடப் பச்சரிசி மாவைக் கையில் எடுப்பதே இயல்பு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல வெளுத்திருந்தாலும் தண்ணீர் பட்டதும் வேறு வேறாக நடந்துகொள்கின்றன.

மைதாவைப் பிசையும்போது குளுட்டெனின், கிளையடின் என்னும் இரு புரதங்கள் பிணைந்து குளுட்டன் வலைப்பின்னல் உருவாகிறது. கிளையடின் மாவுக்கு இழுபடும் தன்மையையும், குளுட்டெனின் அறுந்துபோகாத வலுவையும் தருகின்றன. பிசைந்த கையோடு தேய்த்தால் வட்டம் சுருங்கிவிடும். அரை மணி நேரம் மூடி வைத்தால் இறுக்கம் தளரும். பரோட்டா மாஸ்டர் மாவு உருண்டைகளை எண்ணெயில் ஊறப்போடுவதும் இதற்காகத்தான்.

அரிசியில் புரதம் இருந்தும் குளுட்டன் உருவாவதில்லை. பச்சைத் தண்ணீர் விட்டு எவ்வளவு பிசைந்தாலும் ஓரம் விரிசல் விடும். ஆகவே மேல்மாவைச் சேர்த்துப் பிடிக்கும் பொறுப்பு முழுவதும் மாவுச்சத்தின் தலையில் விழுகிறது. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்குகின்றன. அவற்றிலிருந்து அமைலோஸ் கசிந்து பசையாகிறது. தளதளவென்று கொதிக்கும் நீரை மாவில் ஊற்றிக் கிளறுவது இந்தப் பசை கிடைக்கத்தான். கொதி அடங்கிய நீர் போதாது. துகள்கள் அரைகுறையாக வீங்கி, மடிக்கும்போதே மாவு பிளந்துவிடும். பியரோகியைக் கொதிநீரில் போடலாம், அரிசிக் கொழுக்கட்டையை ஆவியில் வேகவைப்பதே நல்லது. நீரில் போட்டால் மேற்பரப்பின் மாவுச்சத்து கரைந்து இறங்கும். பால் கொழுக்கட்டையில் பால் கெட்டிப்படுவது இப்படித்தான். அங்கே அது சுவை, பர்கருக்கோ அது பலவீனம்.

ஆறிய கொழுக்கட்டை இறுகிப்போவது எல்லா வீட்டிலும் உள்ள குறை. வெந்தபோது கலைந்த அமைலோஸ் சங்கிலிகள் ஆறும்போது மீண்டும் நெருங்கி வரிசைப்படுகின்றன. அமைலோபெக்டின் அதைவிட மெதுவாக அடுத்தடுத்த நாள்களில் இறுகுகிறது. தமிழ்நாட்டில் பரவலாகச் சாப்பிடும் அரிசி வகைகளில் அமைலோஸ் கூடுதல் என்பதால் இறுக்கமும் விரைவில் தெரியும். ஆனால் பர்கருக்கு இந்தக் குறைதான் தேவைப்படுகிறது. சுடச்சுட எடுத்த கொழுக்கட்டை தோசைக்கல்லில் ஒட்டிக் கிழியும்; இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது முழுசாகப் புரளும். பொரித்த இட்லிக்குப் பழைய இட்லியை எடுக்கும் வீட்டு வழக்கத்தில் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. வெந்ததை வெளியே விட்டுவைக்க மட்டும் கூடாது: அரிசியில் தங்கும் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் வேக்காட்டையும் தாங்கிப் பிழைத்து, வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும்.

பூரணத்துக்கு உருளைக்கிழங்கைக் கையால் மசிப்பது போதும். மிக்ஸியில் அடித்தால் செல்கள் உடைந்து, வெந்த மாவுச்சத்து வெளியே வந்து கோந்தாகிவிடும். போலந்தில் சேர்க்கும் ட்வாருக் என்னும் பால்கட்டிக்குப் பதில் பனீர் மிகச் சரியாகப் பொருந்தும். இரண்டும் புளிப்பால் திரிந்தவை. புளிப்பு கேசின் புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைக் கரைத்து எடுத்துவிடுவதால் இவை சூட்டில் உருகி வழிவதில்லை. மேல்மாவில் சிறு விரிசல் விழுந்தாலும் பூரணம் உள்ளேயே நிற்கும்.

நீரிலோ ஆவியிலோ வேகும் பண்டத்தின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியோடு நின்றுவிடுகிறது. பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் மெய்லார்டு வினை விரைந்து நடக்க அதைவிட அதிகச் சூடு, சுமார் 140 டிகிரிக்கு மேல், வேண்டும். அதனால் குளிர்ந்த கொழுக்கட்டையைத் துணியால் ஒற்றி, காய்ந்த கல்லில் சிறிது எண்ணெய் விட்டுப் பொறுமையாகச் சிவக்கவிட வேண்டும். ஈரம் இருக்கும்வரை சூடு அதை ஆவியாக்குவதிலேயே செலவாகும். சீக்கிரம் திருப்பிப் போட்டால் நிறம் வராது. அரைவட்ட வடிவக் கொழுக்கட்டைகள் இரண்டை நேர்விளிம்பு சேர்த்து வைத்தால் பன்னின் வட்டம் நிறைந்துவிடும்.

பன், மேல்மாவு, கிழங்கு மூன்றும் மாவுச்சத்தே. புளிப்பு சேராவிட்டால் நாலாவது வாயில் திகட்டிவிடும். போலந்தில் இந்த வேலையை உப்பில் நொதித்த முட்டைக்கோசு செய்கிறது. கம்பத்தில் அதற்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இருக்கிறது. விதை நீக்கி, வற்றல் மிளகாயும் கடுகும் தாளித்துக் கெட்டியாகக் காய்ச்சினால் டார்டாரிக் அமிலம் புளிப்பையும், தோலின் டானின் துவர்ப்பையும் தரும். டானின் உமிழ்நீரின் புரதங்களோடு சேர்வதால் வாயில் எண்ணெய்ப்பிசுக்கும் குறையும்.

பன்னின் உள்பக்கத்தை வெண்ணெய் தடவி வாட்டிய பிறகே திராட்சைத் தொக்கைப் பூச வேண்டும். கொழுப்பும் காய்ந்த மேற்பரப்பும் ஈரம் இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். ஆனாலும் அடுக்கியவுடன் சாப்பிட்டால்தான் கொழுக்கட்டையின் மொறுமொறுப்பு கிடைக்கும்.