ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டைப் படிப்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமும் கடைகளிலும் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் யூஎஸ்பி, எஃப்எம், புளூடூத் மூன்றும் சேர்ந்த சின்ன போர்டு ஒன்று இருக்கும். அதோடு வரும் மெல்லிய ரிமோட் தொலைந்துவிட்டால், நன்றாக இருக்கும் பெட்டியும் பாதி முடங்கிப்போகும். ரிமோட் அனுப்பும் குறியீடுகளை முன்பே படித்து வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ரிப்பேர் கடைக்காரரோ பொறியியல் மாணவரோ ஒரே மாலையில் முடிக்கக்கூடிய வேலை இது.

ரிமோட்டின் நுனியில் இருப்பது அகச்சிவப்பு எல்இடி. பெரும்பாலும் அதன் அலைநீளம் சுமார் 940 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தினால் பல போன்களில் மங்கலான ஊதா ஒளியாகத் தெரியும்.

வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளமாக உண்டு. அதிலிருந்து தன் ஒளியைப் பிரித்துக் காட்டத்தான் ரிமோட் நொடிக்கு சுமார் 38,000 முறை துடிக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் உள்ள சென்சார் அந்த வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் கடும் வெயில் நேராகச் சென்சாரில் பட்டால் அது திணறும். திறந்தவெளிப் பந்தலில் பகலில் ரிமோட் கிட்டத்தில் மட்டும் வேலை செய்வதற்கு இது ஒரு காரணம். சென்சார் பக்கம் நிழல் விழும்படி பெட்டியைத் திருப்பி வைத்தாலே தூரம் கூடும்.

இந்த மலிவான போர்டுகளில் மிகப் பரவலான முறை என்இசி. பட்டனை அழுத்தியதும் முதலில் 9 மில்லிநொடி துடிப்பு, பிறகு 4.5 மில்லிநொடி அமைதி. அடுத்து 32 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டிலும் துடிப்பின் நீளம் ஒன்றுதான்: சுமார் 0.56 மில்லிநொடி. அதை அடுத்த அமைதிதான் சேதியைச் சொல்கிறது. அமைதியும் 0.56 என்றால் பூஜ்யம், 1.69 என்றால் ஒன்று. முதல் 8 பிட் முகவரி, அடுத்த 8 அதன் தலைகீழ். பிறகு கட்டளை 8, அதன் தலைகீழ் 8. தலைகீழ் பொருந்தாவிட்டால் கருவி அந்தக் கட்டளையை ஏற்காது.

படிப்பதற்கு ஒரு ஆர்டுயினோவும் 38 கிலோஹெர்ட்ஸ் சென்சாரும் போதும். சென்சார் வாங்கும்போது கால்களின் வரிசையைப் பாருங்கள்: டிஎஸ்ஓபி 1738-இல் கிரவுண்ட், சப்ளை, அவுட்புட், டிஎஸ்ஓபி 38238-இல் அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. மாற்றி இணைத்தால் சென்சார் கெட்டுப்போகலாம். ஐஆர்ரிமோட் என்ற இலவச மென்பொருள் நூலகத்தை ஆர்டுயினோவில் ஏற்றி ஒவ்வொரு பட்டனாக அழுத்தினால், எண் கணினித் திரையில் வரும். 21 பட்டன் உள்ள கறுப்பு எம்பி3 ரிமோட்டில் ஒலி கூட்டும் பட்டனை நூலகத்தின் பழைய பதிப்பு எஃப்எஃப்ஏ857 என்று காட்டும். புதியது முகவரி 0, கட்டளை 15 என்று காட்டும். இரண்டும் பதினாறடிமான எண்கள், இரண்டும் ஒரே சேதி. பிட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ரிமோட் ஏற்கெனவே தொலைந்துவிட்டதா? என்இசி முறையில் கட்டளைக்கு 8 பிட்தான். அதாவது 256 வாய்ப்புகள். முகவரி 0 என்று வைத்து, ஆர்டுயினோவுடன் ஒரு அகச்சிவப்பு எல்இடியை இணைத்து நொடிக்கு ஒன்றாக அனுப்பினால் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எந்த எண்ணுக்குப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அசையவே இல்லையென்றால் முகவரியோ முறையோ வேறு: சோனி 40 கிலோஹெர்ட்ஸில் பேசும், பிலிப்ஸின் ஆர்சி5 36-இல் பேசும்.

அகச்சிவப்பு ஹெட்போன்களின் கதை வேறு. அவற்றில் போவது கட்டளை அல்ல, பாட்டே போகிறது. பொதுவாக இடக்காதுக்கு 2.3 மெகாஹெர்ட்ஸ், வலக்காதுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் அலை. எஃப்எம் வானொலி போலவே ஒலி அதில் ஏற்றப்படும். இவ்வளவு வேகமான துடிப்பை 38 கிலோஹெர்ட்ஸ் சென்சாரால் படிக்க முடியாது. வேகமான ஃபோட்டோடயோடும் எஃப்எம் பிரிப்புச் சுற்றும் வேண்டும்.

ரிமோட் கையில் இருக்கும்போதே எண்களைப் படித்து, காகிதத்தில் எழுதி, ஆம்ப்ளிஃபயர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறக்கும் மெக்கானிக் யாராக இருந்தாலும் அவருக்கு அது உதவும்.