படாக் பலகையில் பிசகாத காடி

அந்தமானில் அலமாரி செய்யப் படாக் மரம் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நம் ஊர் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் உறவுக்கார மரம் இது. சிவந்த நிறம், நல்ல உறுதி. அந்தமான் காடுகளே இதன் தாய்வீடு.

சாத்தம் தீவில் 1883-ல் அமைந்த மர அறுவை ஆலை இந்த மரங்களுக்குப் பெயர் தேடித் தந்தது. ஆனால் 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. ஆகவே ஜங்லிகாட்டில் ஒருவர் கையில் அகலமான படாக் பலகை இருக்கிறதென்றால், அதைக் கெடுக்காமல் வேலை முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

அலமாரி வேலையில் பலகை கெடும் இடம் பெரும்பாலும் காடிதான். தட்டுப் பலகை உட்காரும் பள்ளம் அகலமானால் தட்டு ஆடும். கோணலானால் தட்டு சாயும். காடி எடுத்த பலகையைப் பழையபடி ஆக்க முடியாது.

படாக்கின் இழைகள் ஒன்றுக்கொன்று பின்னிக் கிடப்பவை. உளியும் இழைப்புளியும் சில இடங்களில் இழையைப் பிய்த்துவிடும். இதற்குக் கைகொடுப்பது ரூட்டர் மிஷின். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய இந்த மிஷினை வெறும் கையால் ஓட்டினால் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். அதை அடக்குவது ஒரு நேரான சட்டம். அதுவே வழிகாட்டிச் சட்டம்.

சட்டத்தை எங்கே பொருத்துவது? கணக்கு எளிது. மிஷினின் அடித்தட்டு 150 மி.மீ. அகலம் என்று கொள்வோம், பாதி 75. வெட்டும் பிட் 18 மி.மீ. என்றால் பாதி 9. 75-ல் 9 போக 66. காடியின் விளிம்புக் கோட்டிலிருந்து 66 மி.மீ. தள்ளிச் சட்டத்தை இரு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே சுவிட்சைத் தொடலாம்.

மிஷினை முன்னோக்கித் தள்ளும்போது சட்டம் இடப்பக்கம் இருக்கட்டும். பிட் சுழலும் திசையால் மிஷின் இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். சட்டத்தோடு ஒட்டியே ஓடும். வலப்பக்கம் சட்டம் வைத்தால் விலகிப் போய்விடும்.

6 மி.மீ. ஆழம் தேவையானால் ஒரே மூச்சில் வெட்டக்கூடாது. 3 மி.மீ. வீதம் இரண்டு ஓட்டம் ஓட்டவேண்டும். முதலில் காடியின் இரு கோடுகளையும் கூரிய கத்தியால் கீறிவிட்டால் ஓரம் பிசிறாது. பிட் வெளியேறும் முனையில் ஒரு கழிவுக் கட்டையை அணைத்து வைத்தால் மூலை உடையாது.

அலமாரியின் இரு பக்கப் பலகைகளையும் அருகருகே சேர்த்து வைத்து, ஒரே சட்டத்தில் ஒரே ஓட்டமாகக் காடி எடுப்பது நல்லது. அப்போதுதான் தட்டுகள் மட்டமாக அமையும்.

ஈரக்காற்று வீசும் தீவில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். வாங்கிய பலகைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, வேலைசெய்யும் கூடத்திலேயே சில வாரம் பழகவிட வேண்டும். தட்டைச் சற்றுக் கனமாக வைத்துக்கொண்டு, காடி எடுத்தபின் அதற்கேற்ப இழைத்துப் பொருத்தலாம்.

படாக் தூள் மூக்கையும் கண்ணையும் உறுத்தும். முகமூடியும் கண்ணாடியும் அவசியம். பிட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

எல்லாம் தயாரான பின்னும் நல்ல பலகையில் கை வைக்க வேண்டாம். துண்டுக் கட்டை ஒன்றில் அதே சட்டம், அதே பிட், அதே ஆழம் வைத்து ஒரு காடி எடுத்து, தட்டைச் செருகிப் பாருங்கள். தவறு இருந்தால் அந்தத் துண்டோடு போகட்டும். படாக் பலகை பிழைக்கும்.