கூரையில் விளையும் மின்சாரம்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

உழவனுக்கு வயல் விளைகிறது. மீனவனுக்குக் கடல் விளைகிறது. மொட்டை மாடியில் என்ன விளையும்? வற்றலும் வடகமும் காய்வதற்கே அது பயன்பட்ட காலம் ஒன்று உண்டு. இன்றோ அங்கு மின்சாரம் விளைகிறது. அவ்விளைச்சல் எவ்வாறு நிகழ்கிறது, அதனை எங்கே செலவிடுவது அறிவுடைமை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளி மின்சாரமாவது எப்படி?

ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். எனினும் பயன்தரத்தக்க சிலிக்கன் மின்கலம் தோன்ற மேலும் 115 ஆண்டுகள் ஆயின. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் அதனை உருவாக்கினர். தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே அது மின்சாரமாக்கியது. இன்று விற்பனைக்கு வரும் தகடுகள் பலவும் 20 விழுக்காட்டுக்கு மேல் மாற்றித் தருகின்றன.

சிலிக்கனின் ஒரு பக்கத்தில் சிறிதளவு பாஸ்பரசையும் மறுபக்கத்தில் போரானையும் கலக்கிறார்கள். ஒரு பக்கம் எலெக்ட்ரான் மிகுதி, மறுபக்கம் குறை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் அமைகிறது. ஒளி எலெக்ட்ரானை விடுவிக்கிறது. மின்புலம் அதனை ஒரே திசையில் தள்ளுகிறது. ஒரு கலம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் தரும். ஆகவே பல கலங்களைத் தொடராக இணைத்துத் தகடாக்குகிறார்கள்.

போகும் வழியில் இழப்பு

தகடு தருவது நேர்திசை மின்னோட்டம். நம் கட்டடங்களில் ஓடுவதோ மாறுதிசை மின்னோட்டம். ஆகவே இடையில் இன்வெர்ட்டர் தேவைப்படுகிறது. வேடிக்கை என்னவெனில், கைப்பேசி, மடிக்கணினி, எல்.இ.டி. விளக்கு ஆகிய யாவும் உள்ளுக்குள் நேர்திசை மின்சாரத்தையே உண்கின்றன! மாற்றியதை மீண்டும் மாற்றவே சார்ஜர் இருக்கிறது. மாற்றும் ஒவ்வொரு முறையும் சிறிது ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. சார்ஜர் சுடுவது அதனால்தான். கம்பியில்லாமல் கைப்பேசிக்கு மின்னேற்றும் பலகையில், ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதிப்படி, ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்கு ஆற்றல் பாய்கிறது. வசதிதான், ஆயினும் இழப்பு கம்பி வழியைக் காட்டிலும் மிகுதி. இத்தகைய இழப்பைக் குறைக்கவே, விளக்கும் விசிறியும் 48 வோல்ட் நேர்திசை மின்சாரத்திலேயே இயங்கும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியது.

பகல் விளைச்சல், இரவுப் பசி

வீடுகளில் மின்சாரம் மிகுதியாக வேண்டப்படுவது மாலையில், விளைவதோ நண்பகலில். இந்த இடைவெளியை நிரப்ப வந்தது லித்தியம் மின்கலம். அதற்கு வழிகோலிய விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகியோர் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அப்போது குட்இனஃபுக்கு வயது 97!

ஈண்டு ஓர் ஐயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். தகடு பதித்துவிட்டால் மின்தடையே இராது என்று பலர் எண்ணுகிறார்கள். மின்வாரியக் கம்பியுடன் இணைந்த சாதாரண அமைப்பு, மின்தடை நேர்ந்தவுடன் தானாகவே நின்றுவிடும். இது குறையன்று, பாதுகாப்பு. அல்லாவிடில், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு நம் கூரை மின்சாரமே எமனாகிவிடும். சேமிப்பு மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் மின்தடையிலும் விளக்கெரியும்.

கதிரவனும் கல்லூரியும்

2024-ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஒரு கோடி வீடுகளுக்கான கூரை மின்சாரத் திட்டத்தை அறிவித்தது. வீடுகளைக் காட்டிலும் பொருத்தமான கட்டடம் ஒன்று உண்டு. அதுவே நாம் பயிலும் கல்லூரி. வகுப்புகள் நடப்பதும் வெயில் காய்வதும் ஒரே வேளையில். விளைந்ததை அக்கணமே செலவிடலாம். விலை மிகுந்த சேமிப்பு மின்கலம் பெரிதாகத் தேவையில்லை.

கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் கூரை போதும். நம் நாட்டு வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஒரு வகுப்பறையில் 75 வாட் விசிறிகள் 6 இருந்து, 6 மணி நேரம் சுழன்றால் செலவு 2.7 யூனிட். அதாவது, 4 யூனிட் ஒன்றரை வகுப்பறைக்குத்தான் போதும். அவ்விசிறிகளை 30 வாட்டில் சுழலும் புதுவகை விசிறிகளாக மாற்றினால் செலவு 1.08 யூனிட், அதே விளைச்சல் மூன்றரை வகுப்பறைக்கும் மேல் காற்று வீசும். கைப்பேசி மின்னேற்றமோ இதில் மிகச் சிறுபகுதி. ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 40 கைப்பேசிகளை நிரப்பிவிடலாம். ஆகவே நாம் முதலில் கவனிக்க வேண்டியது கைப்பேசியையன்று. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியையே!

மாணவ நண்பர்களே! தகடு பதிப்பது அரசின் கையில் இருக்கலாம். கணக்கெடுப்பது நம் கையில் இருக்கிறது. எந்த அறையில் எத்தனை விசிறி, எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம் என்று ஒரு மாதம் குறித்து, பேராசிரியப் பெருமக்களின் துணையுடன் முதல்வரிடம் அளிப்போம். வெறும் விண்ணப்பத்தைவிடக் கணக்கோடு செல்லும் விண்ணப்பத்துக்கு வலிமை மிகுதி. கதிரவன் நாள்தோறும் தவறாமல் வருகைப் பதிவு தருகிறான். அவனைப் பயன்கொள்ளும் நாளை விரைவுபடுத்துவது நம் கடமையன்றோ!