ஆபீசில் கைமாறும் பாட்டுகள்: சட்டம் சும்மா விடுமா?

அந்தமானுக்குத் தமிழ்ப் பாட்டு என்றும் கடல் கடந்துதான் வந்திருக்கிறது. முன்பு சென்னைக் கப்பலில் இசைத்தட்டு வந்தது. பிறகு காசெட் வந்தது. 2020 ஆகஸ்ட் 10-ந் தேதி சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் திறக்கப்படும் வரை இங்கே இன்டர்நெட் செயற்கைக்கோளை நம்பித் தவழ்ந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போய் வருகிறவர் பென் டிரைவ் நிறையப் பாட்டுக் கொண்டுவந்தால், ஒரே வாரத்தில் செக்ஷன் முழுவதும் பரவிவிடும். கேபிள் வந்தும் அந்தப் பழக்கம் லேசில் போகிறதா, என்ன!

"காசா வாங்குகிறோம்?" என்று கேட்கலாம். காசு வாங்காவிட்டாலும் மீறல் மீறல்தான். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, தெரிந்தே மீறுகிறவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தக்க காரணம் காட்டித் தண்டனையைக் கோர்ட்டு குறைக்கலாம். சலுகை அவ்வளவே. இது வாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் 'நிட் புரோ' வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நிறைந்த போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இன்னொரு கண்டமும் உண்டு. 1965-ம் ஆண்டு மத்திய சிவில் சர்வீஸ் விதிகளில் 10-வது விதிப்படி, 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தவர் சஸ்பெண்டு ஆனவராகவே கருதப்படுவார். ஒரு பாட்டுக்காக வேலைக்கே ஆபத்தா என்றால், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பிரதி எடுக்க 52-வது பிரிவு இடம் தருகிறது. விலை கொடுத்து வாங்கிய சி.டி.யை நண்பருக்கு இரவல் கொடுப்பதிலும் தவறில்லை. அங்கே புதிய பிரதி ஏதும் பிறப்பதில்லை. அதையே பத்துப் பேருக்குக் காப்பி செய்து கொடுத்தால் 'சொந்த உபயோகம்' என்று வாதாடுவது கஷ்டம்.

"பழைய பாட்டுதானே?" என்பது அடுத்த சமாதானம். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளில் தீரும். ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல். அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை இருக்கிறது. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015-ல். அவர் மெட்டுகளுக்கு 2075 வரை!

கேபிள் வந்துவிட்ட காலத்தில், லைசென்சு பெற்ற இசைச் செயலியின் லிங்கை அனுப்பினாலே போதும். நண்பர் தம் கணக்கில் கேட்டுக்கொள்வார். ஆபீசில் யாராவது ஓய்வு பெறுகிற விழா என்றால் பென் டிரைவே வேண்டாம். டிக்கெட் வசூலிக்காமல், அமெச்சூர் குழுவாகச் சேர்ந்து ஊழியர்களே பாடினால் அதே 52-வது பிரிவு அனுமதிக்கிறது. சுருதி சேராவிட்டால் அதற்குச் சட்டத்தில் தண்டனை கிடையாது.